சூட்கேஸில் பூ ஓவியம்: மூலையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

சூட்கேஸில் ஓவியம் வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பெட்டியை அப்புறம்தான் பார்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. எந்த ஓவியம் பெட்டியில் எடுபடும் என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: அதன் மூலைகளின் வளைவு, மேலே ஓடும் வரிப் பள்ளங்கள், ஓடு, அதாவது பெட்டியின் கெட்டியான வெளிப்புறம், எந்தப் பிளாஸ்டிக்கால் ஆனது என்பது. பூ ஓவியங்கள் இதற்கு இவ்வளவு பொருந்துவதற்கும் காரணம் உண்டு. ஒரு முகம் மூலையில் இழுபட்டால் கண் கோணிப்போகும். கட்டடம் இழுபட்டால் கோடு வளையும். ஒரு இதழ் ஒரு சென்டிமீட்டர் நீண்டாலோ, கிளை கொஞ்சம் வளைந்தாலோ பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

தொழிற்சாலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரியும். ஓடு ஆரம்பத்தில் ஒரு தட்டைத் தகடு. பெரும்பாலும் 2 முதல் 3 மி.மீ. தடிமன் உள்ள பாலிகார்பனேட், ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்குகளில் ஒன்று, அல்லது இரண்டும் கலந்தது. ஓவியத்தை ஒரு மெல்லிய பிலிமில் அச்சடித்து, அந்தத் தகட்டோடு சூட்டில் சேர்த்து ஒட்டுகிறார்கள். நல்ல தரத்தில் பிலிம் தெளிவானதாக இருக்கும், மை அதன் உட்பக்கம் இருக்கும். கீறல் விழுந்தால் பிலிமில்தான் விழும், பூ தப்பிக்கும். பிறகு தகட்டை இளகும்வரை சூடாக்கி, மோல்டின் மேல் இறக்கி, காற்றை உறிஞ்சி வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பாலிகார்பனேட் ஈரத்தை உறிஞ்சும் பொருள். அதனால் வடிவமைப்பதற்கு முன் 120 டிகிரி அளவில் சில மணி நேரம் உலர்த்த வேண்டும். அவசரத்தில் இதைச் சுருக்கினால் சூடேறும்போது ஈரம் ஆவியாகி, குண்டூசித் தலை அளவில் கொப்புளங்கள் நிற்கும். கடையில் பெட்டியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அவை தெரியும்.

உறிஞ்சும்போது நடு முகம் அதிகம் இழுபடாது. மூலைதான் இழுபடும். 2.5 மி.மீ. தகடு மூலையில் சுமார் 1 மி.மீ. வரை மெலிந்துவிடக்கூடும். தகடு மெலிந்தால் மையும் அதே அளவு மெலியும்: நிறம் வெளுக்கும், இதழ்கள் நீளும். அக்கறையுள்ள தயாரிப்பாளர்கள் முதலில் சதுரக் கட்டம் அச்சடித்த தகடு ஒன்றை வடிவமைத்துப் பார்ப்பார்கள். எந்தக் கட்டம் எவ்வளவு நீண்டது என்று அளந்து, ஓவியக் கோப்பை அந்த இடத்தில் அதே அளவு முன்கூட்டியே சுருக்கி, மையை அடர்த்தியாக்கி அச்சடிப்பார்கள். ஆக, வாங்கும்போது நடுவிலுள்ள பெரிய பூவைப் பார்த்து மயங்க வேண்டாம். கீழ் மூலைகளைப் பாருங்கள். நிறம் அங்கும் நடுவிலும் ஒன்றாக இருந்தால் வேலை தெரிந்தவர்கள் செய்தது. அடுத்து ஜிப்பைத் திறந்து ஓட்டின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். மேலே மெல்லிய கோடாக ஒரு அடுக்கு தெரிந்தால் பிலிம் இருக்கிறது. அடுக்கே இல்லாமல் நிறம் வெறும் மேல்பூச்சாக இருந்து, நகத்தால் விளிம்பில் நெம்பினால் பொடியாக வருகிறது என்றால் அந்தப் பெட்டி விமான நிலைய பெல்ட்டில் அதிக நாள் தாங்காது.

இனி, வெற்றுப் பெட்டியில் நீங்களே ஓவியம் ஏற்றும் வேலை. முதல் கேள்வி ஓடு எது என்பது. உள் லைனிங்கில் ஜிப் இருக்கும். அதைத் திறந்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்றோ, பிபி என்றோ இருந்தால் பாலிப்ரொப்பிலீன். குறி எதுவும் இல்லாவிட்டால் தொட்டுப் பாருங்கள்: பாலிப்ரொப்பிலீன் மெழுகு தடவியதுபோல் வழுவழுப்பாக இருக்கும், தட்டினால் மந்தமான சத்தம் வரும். இந்தப் பிளாஸ்டிக்கில் பெயின்டும் ஒட்டாது, ஸ்டிக்கரும் ஒட்டாது. ஒட்டியதுபோல் தெரிந்து, பிறகு ஒரே தாளாக உரிந்து வரும். அதன் மேற்பரப்பு ஆற்றல் அவ்வளவு குறைவு. சாதாரணப் பசை எதுவும் அதில் சரியாகப் படர்வதில்லை. பாலிப்ரொப்பிலீனுக்கென்றே உள்ள பிரைமர் (பெயின்ட் பிடிக்க முதலில் போடும் அடிப்பூச்சு) போட்டால் சமாளிக்கலாம். கேட்டால், புதிதாகப் பெட்டி வாங்குபவர்கள் பாலிகார்பனேட்டாகப் பார்த்து வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். வைரப் புள்ளி, நெசவு மாதிரி சொரசொரப்பு உள்ளதையும் தவிர்த்துவிடுங்கள். அதில் ஸ்டிக்கர் மேடுகளை மட்டுமே தொட்டு நிற்கும். வழவழப்பான ஓடு, அகலமான பள்ளங்கள், பெரிய வளைவுள்ள மூலை: இவை மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது ஓவியம். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் வெவ்வேறு மரபுப் பூ ஓவியங்கள் பெட்டியில் முற்றிலும் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. பயணப் பெட்டிக்கு இரண்டு வகைக் காயம் வரும். ஒன்று பெல்ட் ரப்பரின் கருப்புத் தேய்ப்பு, மற்றொன்று வெள்ளையாகத் தெரியும் கீறல். 17ஆம் நூற்றாண்டு டச்சு மலர்க்கொத்து ஓவியங்களில் பின்னணி கறுத்திருக்கும். ராகெல் ரெய்ஷ் வரைந்த மலர்க்கொத்துகளை நினைத்துப் பாருங்கள்: இருட்டிலிருந்து பூ எழுந்து வரும் அழகு அது. பெட்டியில் அந்த இருட்டின் மேல் ஒவ்வொரு வெள்ளைக் கீறலும் துல்லியமாகத் தெரியும். பியர்-ஜோசப் ரெடூட்டேயின் ரோஜாக்கள் போன்ற தாவரவியல் படங்களில் பின்னணி வெள்ளை. அங்கே கருப்புத் தேய்ப்பு தெரியும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவை வான்கோவின் பூக்கள். 1890 பிப்ரவரியில், தம்பிக்குக் குழந்தை பிறந்த செய்தி கேட்டு அவர் வரைந்த வாதுமைப் பூக்கிளை ஓவியம் பெட்டிக்கென்றே வரைந்ததோ என்று தோன்றும். நீலப் பச்சைப் பின்னணி நடுத்தர அடர்த்தி, அதனால் கருப்பும் வெள்ளையும் இரண்டுமே அதில் அமுங்கிப்போகும். நடுவில் ஒரே பொருள் என்று எதுவும் கிடையாது, கிளைகள் எல்லாப் பக்கமும் ஓடுகின்றன. அசல் 73.3 × 92.4 செ.மீ., படுக்கை வாக்கு. செங்குத்தான பெட்டிக்கு ஓரம் வெட்டினாலும், திருப்பி வைத்தாலும்கூட கெடுவதில்லை. பக்கச் சுவர்களுக்கு அந்த நீலத்தையே நீட்டிக்கொள்ளலாம்.

செங்குத்து ஓவியம்தான் வேண்டும் என்றால் ஹேக் நகரின் மவுரிட்ஷுயிஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஆம்ப்ரோசியஸ் போஸ்ஹார்ட்டின் சன்னல் மலர்ச்சாடி ஓவியத்தைப் பாருங்கள். 1618 வாக்கில் மரப்பலகையில் தீட்டியது, அளவு 64 × 46 செ.மீ. 24 அங்குலப் பெட்டியின் முன்முகம் ஏறக்குறைய 65 × 45 செ.மீ. அதாவது அந்த ஓவியம் அதன் நிஜ அளவிலேயே பெட்டியில் உட்காரும். போஸ்ஹார்ட் வைத்த அதே அளவில் ட்யூலிப் உங்கள் கையில் வரும். இப்படி அமைவது அபூர்வம். மேலே வளைந்த கல் சன்னல் இருப்பதால் பூக்கள் ஓரத்திலிருந்து தள்ளியே நிற்கின்றன. மூலை வளைவில் போவது கல்தான், பூ இல்லை. பின்னணியும் இருட்டு அல்ல, வெளிச்சமான நிலக்காட்சி.

வெள்ளைப் பின்னணித் தாவரப் படங்களை விரும்புபவர்கள் முழுப் பெட்டியையும் போர்த்த வேண்டாம். வெள்ளை அல்லது வெளிர்நிறப் பெட்டியில் பூவை மட்டும் விளிம்போடு வெட்டி ஒட்டுங்கள். நம் பக்கத்திலேயே அதற்கு அருமையான செல்வம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ருங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள் தென்னிந்தியத் தாவரங்களை வரைந்து குவித்தார்கள். ஒரு தண்டு, இரண்டு இலை, ஒரு பூ என்று தனித்தனியாக நிற்கும் இத்தகைய படங்கள் இரண்டு பள்ளங்களுக்கு நடுவிலுள்ள தட்டைப் பட்டையில் அப்படியே அடங்கும். அவர்களுடைய பெயர் வெளியே தெரிய இது ஒரு வழியாகவும் இருக்கும் என்பதால், இதை யாராவது செய்தால் மனசார மகிழ்வேன்.

உரிமை விஷயம் சுருக்கமாக: இந்தியாவில் ஓவியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள், பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் 70. மேலே சொன்னவர்கள் எல்லோரும் அதைத் தாண்டியவர்கள். பூ என்றதும் பலரும் கேட்கும் அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1986இல் இறந்தவர், ஆகவே அவர் படங்களை விற்பனைக்கான பெட்டியில் போடக் கூடாது. உயிரோடிருக்கும் ஓவியர் என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். படத்தைத் தேடுபொறியில் கிடைத்த இடத்தில் எடுக்காமல் அருங்காட்சியகத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், சிகாகோ கலைக்கழகம் ஆகியவை உரிமை முடிந்த ஓவியங்களைப் பெரிய கோப்பாகவே இலவசமாகத் தருகின்றன.

கோப்பின் அளவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் பொருளுக்கு 150 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளிகள், போதும். 65 × 45 செ.மீ. முன்முகத்துக்கு மட்டும் 3840 × 2660 பிக்சல். ஓட்டின் பக்கச் சுவரையும் சேர்த்து ஒரே தாளாகப் போர்த்துவதென்றால், 13 செ.மீ. சுவருக்கு நாலு பக்கமும் அதைக் கூட்டுங்கள்: 91 × 71 செ.மீ., கிட்டத்தட்ட 5400 × 4200 பிக்சல். இந்தக் கூடுதல் 13 செ.மீ.யில் முக்கியமான பூ எதுவும் இருக்கக் கூடாது. அச்சடிக்கும் முன் உண்மை அளவில் கருப்பு வெள்ளைத் தாளில் ஒரு நகல் எடுத்து, பெட்டியின் மேல் டேப்பால் ஒட்டிப் பாருங்கள். கைப்பிடி, பூட்டு, நிறுவனத்தின் பெயர்த்தகடு எல்லாம் எந்தப் பூவின் மேல் விழுகின்றன என்று அப்போதுதான் தெரியும். பூட்டு ஒரு பியோனியின் நடுவில் உட்கார்ந்தால் அந்தப் பூ போச்சு. 3 செ.மீ. நகர்த்தினால் தப்பிக்கும்.

ஓவியத்தை அச்சடித்து ஒட்டும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாள்தான் வினைல். அச்சுக்கடையில் கேட்க வேண்டிய சொல் காஸ்ட் வினைல். சாதாரண ஸ்டிக்கர் வினைலை உருட்டி இழுத்துத் தயாரிக்கிறார்கள். வளைவில் ஒட்டினால் பழைய நிலைக்குத் திரும்பப் பார்த்து, சில வாரங்களில் மூலையில் சுருங்கி எழும். காஸ்ட் வினைல் 50 மைக்ரான் அளவில் மெல்லியது, திரும்பும் குணம் மிகக் குறைவு. கார் முழுவதையும் ஸ்டிக்கரால் போர்த்தும் கார் ராப் செய்கிறவர்களிடம் இருக்கும். அச்சின் மேலே பாதுகாப்புக்காகப் போடும் தெளிவான லேமினேஷன் தாளும் காஸ்ட்டாகவே இருக்க வேண்டும். கீழே காஸ்ட், மேலே சாதாரணம் என்று போட்டுக் கொடுத்தால் மேலுள்ளது கீழுள்ளதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுருங்கும். அச்சடித்த உடனே லேமினேட் செய்யவும் விடாதீர்கள். இத்தகைய அச்சுக்குப் பயன்படும் எக்கோ சால்வென்ட் மையில் உள்ள கரைப்பான் வெளியேற குறைந்தது 24 மணி நேரம் வேண்டும். மூடிவிட்டால் அது பசைக்குள் இறங்கி இளக்கிவிடும். ஸ்டிக்கர் தரமானதாக இருந்தும் ஓரம் எழுகிறது என்று பலர் குழம்புவதற்கு இதுவே காரணமாக இருக்கும். முழு ஓவியத்துக்கு முன்னால் ஏ4 அளவில் ஒரு துண்டு அச்சடித்து, அதே லேமினேஷன் போட்டுப் பாருங்கள். திரையில் ஒளிரும் ஊதாவும் அடர் நீலமும் மையில் மங்கும். மேட் லேமினேஷன் இருட்டுப் பகுதிகளைச் சாம்பலாக்கும், பளபளப்பானது கீறலைக் காட்டிக்கொடுக்கும். நடுத்தர மினுக்கம் உள்ளதே பூ ஓவியங்களுக்கு ஏற்றது.

ஒட்டும் முன் பெட்டியைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, முழுதாக உலரவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை நனைத்த துணியால் ஒரே திசையில் துடையுங்கள். அசிட்டோனும் தின்னரும் பக்கத்திலேயே வரக் கூடாது. ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும். பாலிகார்பனேட் மயிரிழை விரிசல் விட்டு, பின்னொரு நாள் கனத்தோடு கீழே வைக்கும்போது பிளக்கும். பெயர்த்தகட்டையும் பக்கக் கைப்பிடியையும் லைனிங்குக்குள்ளிருந்து ஸ்க்ரூ கழற்றி எடுத்துவிடுங்கள். அவற்றைச் சுற்றி வெட்டி ஒட்டினால் அந்த வெட்டுதான் முதலில் எழும்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஃபெல்ட் முனையுள்ள ஸ்க்வீஜியால் (காற்றை வெளியே தள்ளித் தேய்க்கும் தட்டைக் கருவி) தேயுங்கள். பள்ளங்கள் உள்ள பெட்டியில் ஒரு விதி: வினைலை முதலில் பள்ளத்தின் அடியில் பதித்துவிட்டுத்தான் மேட்டுக்கு வர வேண்டும். இரண்டு மேடுகளை ஒட்டிவிட்டு நடுவிலுள்ள பள்ளத்துக்குள் அழுத்தினால் வினைல் இழுபட்டு நிற்கும். வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் கூடாரம்போல் மேலே எழும்பிவிடும்.

மூலை வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். முகமும் இரு பக்கச் சுவர்களும் ஒட்டி முடித்த பிறகு மூலையில் ஒரு காது மாதிரி வினைல் மிஞ்சி நிற்கும். ஒருவர் அதன் நுனியை இரண்டு கையாலும் பிடித்து, மூலையின் சாய்வுத் திசையில், கீழ்நோக்கி லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் சூடான காற்றை வீசும் ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளி, நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சூடு காட்ட வேண்டும். வினைலின் மினுக்கம் சற்று மாறி, துணிபோல் தளர்வது கண்ணுக்குத் தெரியும். அந்த நொடியில் சூட்டை விலக்கி, கையுறை போட்ட கட்டைவிரலால் மேலிருந்து கீழாக ஒரே அழுத்தாக நீவிவிடுங்கள். மடிப்பு விழுந்தால் தேய்த்து அமுக்கப் பார்க்க வேண்டாம். தூக்கி, சூடு காட்டினால் வினைல் தானே பழைய வடிவுக்கு வரும், மறுபடி ஒட்டலாம். எவ்வளவு இழுத்தாலும் அடங்காத கூரான மூலை என்றால், பூவின் விளிம்பையோ இலையின் விளிம்பையோ ஒட்டி ஒரு வெட்டுக் கொடுத்து, 3 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று வரும்படி ஒட்டுங்கள். ஓவியத்தில் ஏற்கெனவே கோடு இருக்கும் இடத்தில் விழும் வெட்டு கண்ணுக்குப் படாது. ஆகாயத்தின் நடுவில் விழுந்த வெட்டு எப்போதும் தெரியும்.

கடைசியில் இழுத்து ஒட்டிய இடங்களுக்கெல்லாம் மறுபடி சூடு கொடுத்து வினைலைப் புதிய வடிவில் நிலைக்க வைக்க வேண்டும். பாலிகார்பனேட் ஓட்டில் 90 முதல் 100 டிகிரி வரை தயங்காமல் போகலாம், அது இளகுவது 145க்கு மேல்தான். ஏபிஎஸ் ஓடு 90ஐ நெருங்கும்போதே தளரத் தொடங்கும், 80இல் நிறுத்திவிடுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இல்லாமல் ஏபிஎஸ் பெட்டியில் ஹீட் கன் பிடிக்க வேண்டாம். வினைலை ஜிப்புக்கு 3 மி.மீ. முன்பாகவே முடித்து, விளிம்பை எட்ஜ் சீலர் என்ற விளிம்பு மூடும் பூச்சால் மூடுங்கள். இத்தனையும் சேர்த்து 24 அங்குலப் பெட்டிக்குக் கூடும் எடை கால் கிலோ அளவு. கேபினுக்குள் எடுத்துப்போகும் சிறிய பெட்டிக்கு 200 கிராமுக்குள் அடங்கும். 7 கிலோ வரம்புக்குள் அடுக்குபவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்.

தூரிகையால் நேரடியாகத் தீட்டுவது தனி வேலை. 600 நம்பர் உப்புத்தாளை நீரில் நனைத்து ஓட்டின் பளபளப்பு போகும்வரை தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமரை இரண்டு மெல்லிய பூச்சாக அடித்து, அதன்மேல் அக்ரிலிக். பிரைமரை முதலில் லைனிங்குக்குள் மறைவான இடத்தில் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். விரிசல் வராவிட்டால் மட்டும் வெளியே. கித்தானில் போடுவதுபோல் பெயின்டை மேடாக அப்பக் கூடாது. ஓடு ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் தடித்த பெயின்ட் வெடிக்கும், மேடுகள் பெல்ட்டில் உரசி முதலில் பெயரும். தண்டுகளைப் பள்ளங்களின் போக்கிலேயே ஓடவிட்டு, பூக்களைத் தட்டையான இடத்தில் மலரவிட்டால் பெட்டியின் வடிவமே ஓவியத்துக்கு உதவும். இரண்டு நாள் உலர்ந்தபின் டூ-கே பாலியூரித்தேன் கிளியர் கோட், அதாவது கெட்டியாக்கி கலந்து அடிக்கும் நிறமற்ற மேல்பூச்சு. அதன் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைப் பாதிக்கும். துணி மாஸ்க் இதற்குப் பயன்படாது. நீங்களே அடிக்காமல், பாதுகாப்பு வசதியுள்ள கார் பெயின்ட் கடையில் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்தே பயணம். நீரில் மிதக்கும் பிலிமை ஓட்டின் மேல் ஏற்றும் ஹைட்ரோ டிப்பிங் முறையை ஒற்றை ஓவியத்துக்கு நான் சொல்ல மாட்டேன். படம் எங்கே விழும் என்பதைக் கட்டுப்படுத்த முடியாது, திரும்பத் திரும்ப வரும் சிறுபூ வடிவத்துக்கு மட்டும் சரி.

பராமரிப்பில் அதிகம் கெடுப்பது விமான நிலைய பார்கோடு ஸ்டிக்கர். கைப்பிடியில் மாட்டும் டேக்கிலிருந்து ஒரு சின்னத் துண்டைக் கிழித்து ஓட்டின் மேலேயும் ஒட்டுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைப் பிய்த்து இழுத்தால் லேமினேஷனும் சேர்ந்து வரும். ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடு காட்டி, தாளைத் தன்மேலேயே மடித்து, படுக்கை வாக்கில் மெதுவாக உரியுங்கள். மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டு உருட்டி எடுத்து, பிறகு சோப்புத் தண்ணீர். கருப்புத் தேய்ப்புக்கு ஆல்கஹால் துணி போதும். மெலமைன் ஸ்பாஞ்ச் உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள்தான், தேய்த்த இடம் மங்கி நிற்கும். பெட்டியை வெயில் விழும் சன்னலோரம் வைக்காதீர்கள். சிவப்பு நிறங்கள் சீக்கிரம் வெளுக்கும். வான்கோவின் அசலுக்கே அது நேர்ந்தது: அந்த வாதுமைப் பூக்கள் ஒருகாலத்தில் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தவை, அவர் பயன்படுத்திய சிவப்பு ஒளியில் மங்கிவிட்டது.

அச்சடிக்கும்போதே அதே கோப்பில் நாலைந்து பூக்களையும் இலைகளையும் தனியாக ஒரு 30 × 30 செ.மீ. தாளில் வைத்து, அதே சுருளில் அச்சடித்து, லேமினேட் செய்து, சுருட்டாமல் தட்டையாக எடுத்து வையுங்கள். ஆழமான கீறல் விழுந்த இடத்தில் சதுரத் துண்டு ஒட்டினால் ஒட்டு என்று தெரியும். சேதமான இதழின் எல்லையையே கத்தியால் பின்பற்றி வெட்டி எடுத்துவிட்டு, தாளிலிருந்து அதே இதழை அரை மி.மீ. பெரிதாக வெட்டி மேலே வைத்து, சூடு காட்டி அழுத்துங்கள்.